ஆற்காட்டுக்கு நாளை விடுமுறையா? தகவலைத் தேடவும் எடைபோடவும் கையாளவும் கற்பது

மழைக்காலத்தில் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. இரவு பத்து மணி. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஆற்காட்டில் ஒரு அம்மாவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுகிறது: "கனமழை காரணமாக வேலூர் மாவட்டத்தில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை." ஐந்து நிமிடத்தில் அதே படம் இன்னும் இரண்டு குழுக்களில். ஒருவர் "பொய், நம்பாதீங்க" என்கிறார். இன்னொருவர் "டிவியிலேயே போட்டுட்டாங்க" என்கிறார். காலையில் பிள்ளையை எழுப்புவதா வேண்டாமா என்று அந்த அம்மாவால் முடிவெடுக்க முடியவில்லை.

அந்தப் படம் மூன்று விதமாக வந்திருக்கலாம்.

1. இன்றைக்கே வேலூர் ஆட்சியர் அறிவித்த உண்மையான விடுமுறையாக இருக்கலாம். ஆனால் 2019 நவம்பர் முதல் ஆற்காடு இருப்பது ராணிப்பேட்டை மாவட்டத்தில். அங்கே விடுமுறை விடுவது ராணிப்பேட்டை ஆட்சியர்.
2. முந்தைய ஆண்டு ஒன்றின் மழைக்காலத்தில் வந்த உண்மையான அறிவிப்பாக இருக்கலாம். தேதி இருந்த மூலையை மட்டும் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.
3. யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்ததாக இருக்கலாம்.

முதல் இரண்டிலும் படத்தில் உள்ள வாசகம் பொய் இல்லை. இருந்தும் அதை நம்பி நடந்தால் ஆற்காட்டுப் பிள்ளைக்கு ஒரு நாள் வகுப்பு போகும். "உண்மையா, பொய்யா?" என்று மட்டும் கேட்டால் இந்த மாதிரி நேரத்தில் பதில் கிடைக்காது. இதை முதன்முதலில் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர் யார், அவர் எப்போது சொன்னார், எந்த எல்லைக்குச் சொன்னார் என்று கேட்டால் கிடைக்கும். நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். தகவலைப் பொறுத்தவரை மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் சில சொற்கள்

இந்தத் திறனைத் தமிழில் தகவல் அறிதிறன், தகவல் எழுத்தறிவு என்று பலவாறாக எழுதுகிறார்கள். 1974இல் பால் ஜுர்கோவ்ஸ்கி என்பவர் அமெரிக்காவின் தேசிய நூலக ஆணையத்துக்கு எழுதிய அறிக்கையில் இதற்கு ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன் லிட்ரசி' என்று பெயர் வைத்தார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று அதை நான்காகப் பிரித்துச் சொன்னது: தகவல் தேவைப்படுகிறது என்று உணர்வது, தேடிக் கண்டெடுப்பது, மதிப்பிடுவது, பயன்படுத்துவது. பலரும் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நமக்குத் தேவைப்பட்டது என்ன என்று தெரியாமலே, வந்து விழுந்ததை எடைபோடத் தொடங்குகிறோம்.

அடிக்கடி குழம்பும் நான்கு சொற்களை மழையை வைத்தே பிரித்துப் பார்க்கலாம்.

தரவு: மழைமானியில் 24 மணி நேரத்தில் 72 மில்லிமீட்டர் பதிவானது.

தகவல்: அது கனமழை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேலே அதி கனமழை. இந்த அளவுகோல் தெரிந்தவருக்குத்தான் 72 என்ற எண் பேசும்.

கருத்து: "இந்த மழைக்கெல்லாம் லீவு தேவையா?" இதைச் சரிபார்க்க வழியில்லை. ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம்.

வதந்தி: யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஆளே அகப்படாத செய்தி. வதந்தி சில சமயம் உண்மையாகவும் முடியும். அதற்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை என்பதே சிக்கல்.

ஒரு கேள்வி, இரண்டு சரியான விடைகள்

வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு? ஒரு போட்டித்தேர்வுக் கையேட்டில் 39,36,331 என்று இருக்கும். இன்னொன்றில் 16 லட்சத்துக்குச் சற்று மேல் என்று இருக்கும். இரண்டுமே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. இரண்டுமே சரி. முதலாவது பழைய, பெரிய வேலூர் மாவட்டம். இரண்டாவது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த பிறகு மிஞ்சிய வேலூர். இது தெரியாத ஒருவர் இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்து, வேலூரை விட்டு 23 லட்சம் பேர் போய்விட்டதாகக் கூட எழுதிவிடலாம்.

இந்த மண்ணின் பெயரும் எல்லையும் எத்தனை முறை மாறின என்று ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவது நல்லது. பழைய ஆவணத்தைத் தேடுகிற யாருக்கும் இது வேண்டும்.

1. 1911க்கு முன் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். திருப்பதியும் காளஹஸ்தியும் கூட வட ஆற்காட்டில்தான் இருந்தன. 1901இல் சுமார் 22 லட்சம் மக்கள் என்ற கணக்கு அந்தப் பரந்த மாவட்டத்துக்கு உரியது.
2. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. வேலூர் தலைநகரமானது.
3. 1989 செப்டம்பர் 30இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது: வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்.
4. 1990களின் பிற்பாதியில் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டபோது வேலூர் மாவட்டம் என்ற பெயர் நிலைத்தது.
5. 2019 நவம்பரில் அது மூன்றானது.

ஆக, 1978இல் வாலாஜாவில் எழுதிய கிரயப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1992இல் எழுதியதில் வட ஆற்காடு அம்பேத்கர், 2005இல் வேலூர், இன்று ராணிப்பேட்டை. நிலம் நகரவில்லை. ஒரே ஒரு பெயரைத் தட்டிவிட்டு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுந்து போகிறவர் நான்கு பெட்டிகளில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார்.

தேடும் முறை

தேடுபொறி பலர் பார்த்ததையும் பலர் இணைப்புக் கொடுத்ததையும் முன்னால் தள்ளும். உண்மையை எடைபோட்டு வரிசைப்படுத்தித் தருவதாக நினைத்துக்கொண்டால் முதல் மூன்று முடிவுகளிலேயே நின்றுவிடுவோம். கேள்வியை வடிவமைப்பது நம் வேலை.

1. பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டு, பேர்ணாம்பட்டு, பேர்ணாம்பேட் எல்லாம் ஒரே ஊர்தான். மறுபக்கம், வேலூர் என்று மட்டும் தட்டினால் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரும் சேர்ந்து வரும். வேலூரோடு காட்பாடி, சத்துவாச்சாரி, அணைக்கட்டு என்று பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்த்தால் தேடல் சட்டென்று சுருங்கும்.

2. எந்த அலுவலகத்தின் கையில் இருக்கும் என்று யோசியுங்கள். நிலத்தின் உடைமைப் பதிவு வருவாய்த் துறையிடம்: பட்டா, சிட்டா, அ-பதிவேடு. நிலம் கைமாறிய பதிவு பதிவுத் துறையிடம்: கிரயம், அடமானம், வில்லங்கச் சான்று. இரண்டும் இரண்டு தளங்கள், இரண்டு துறைகள். பட்டாவில் பெயர் இருக்கிறது என்பதற்காக வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் விடக் கூடாது. தலைகீழாகவும் அப்படியே.

3. தேடிய எல்லையைக் குறித்து வையுங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பணம் கைமாறுவது இங்கேதான். குடியாத்தம் பக்கம் ஒருவர் மனை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவுத் துறைத் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கொடுக்கிறார். வில்லங்கம் ஏதும் இல்லை என்று வருகிறது. தரகர் முகம் மலர்கிறது. அந்தத் தாள் உண்மையில் சொல்வது என்ன? அந்த அலுவலகத்தின் பதிவுகளில், அந்த எண்ணுக்கு, அந்த ஆண்டுகளுக்குள், பதிவான பரிவர்த்தனை எதுவும் அகப்படவில்லை என்பது மட்டும். உட்பிரிவு ஆவதற்கு முன் அந்த நிலத்துக்கு வேறு எண் இருந்திருக்கலாம். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்திருக்கலாம். பதிவு செய்யாத ஒப்பந்தம் இதில் வராது. பாகப்பிரிவினை கேட்டு அண்ணன் தம்பிக்குள் நடக்கும் வழக்கும் இதில் தெரியும் என்று சொல்ல முடியாது. கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு நேரில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். "இல்லை" என்ற விடை வந்தால், எங்கே தேடியதில் இல்லை என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. சாட்ஜிபிடி போன்ற கருவிகள் 2022 நவம்பருக்குப் பிறகு எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. சரளமாகப் பேசும். தெரியாததையும் அதே சரளத்தோடு சொல்லும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. எந்தச் சொற்களைப் போட்டுத் தேடலாம், எந்தத் துறையைக் கேட்கலாம் என்று இவற்றிடம் யோசனை கேட்கலாம். விடையை மூலத்தில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நூலகத்தை மறந்துவிடக் கூடாது. 1948இல் சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான். சொத்துவரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு நாளிதழின் பழைய இதழ்த் தொகுப்பைப் புரட்டுவது, இணையத்தில் பத்துத் தளங்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதியதைப் படிப்பதை விடப் பல நேரங்களில் வேகமான வழி.

சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று அடுக்கிக்கொண்டே போகும். இன்றும் இணையத்தில் வேலூரைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இதை எடுத்துப் போடுகிறார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை என்பது உண்மை. 1981இல் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் கோயிலுக்குள் கொண்டுவரப்பட்டுப் பிரதிஷ்டை ஆனது. அன்றிலிருந்து பூஜை நடக்கிறது. நீரில்லா ஆறு என்ற பாலாற்றில் 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் போனது.

அந்தச் சொலவடையைச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அதற்கு ஒரு காலம் இருந்தது. பொய்த் தகவலைக் கண்டுபிடிக்கப் பலரும் பாடுபடுகிறார்கள். காலாவதியான உண்மையை யாரும் கவனிப்பதில்லை. என் பார்வையில் அன்றாட வாழ்க்கையில் அதிகம் இழப்பைத் தருவது இரண்டாவதுதான்: மாறிப்போன கட்டணம், மூடிவிட்ட விண்ணப்பத் தேதி, பழைய மாவட்டத்தின் அலுவலக முகவரி, மருத்துவமனையில் நேரம் மாறிய புறநோயாளிப் பிரிவு. சிகிச்சைக்கு வெளிமாநிலத்திலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிற குடும்பத்துக்கு, மூன்று வருடம் பழைய ஒரு காணொளியில் கேட்ட விவரம் இரண்டு நாள் லாட்ஜ் வாடகையாகப் போய் முடியலாம்.

அதனால் எதைப் படித்தாலும் இரண்டு தேதிகளைத் தேட வேண்டும். எழுதிய தேதி ஒன்று. எழுதியது எந்தத் தேதி நிலவரம் என்பது இன்னொன்று. இந்த ஆண்டு வெளியான கட்டுரையில் 2011 கணக்கு இருக்கலாம். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும்.

யாருக்கு என்ன தெரிந்திருக்க முடியும்

1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நாள் பற்றி யாருக்கும் சண்டையில்லை. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார் என்பதிலும் இல்லை. இறந்த சிப்பாய்கள் எத்தனை பேர் என்று கேட்டால் 350 என்று சில நூல்கள், 800 என்று வேறு சில.

ஏன் இப்படி? சாட்சிகள் எங்கே நின்று பார்த்தார்கள் என்று கவனியுங்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். அவர் மனைவி குழந்தைகளோடு ஒளிந்திருந்து பிழைத்து, பின்னர் அதை எழுதினார். நேரில் கண்டவர் என்பதால் அந்தப் பயமும் துப்பாக்கிச் சத்தமும் அவர் எழுத்தில் நம்பகமானவை. ஒளிந்திருந்த இடத்திலிருந்து அவரால் கோட்டை முழுவதையும் எண்ணியிருக்க முடியாது. அடுத்து விசாரணைக் குழு: புதிய தலைப்பாகை முதலிய உடை ஆணைகளையும், திப்புவின் குடும்பம் கோட்டையில் இருந்ததையும் காரணங்களாக அது காட்டியது. ஆணை போட்டவர்கள் மேல் பழி வருமா, மைசூர் இளவரசர்கள் மேல் போகுமா என்ற கேள்வியின் நடுவே எழுந்த அறிக்கை அது. கடைசியில் ஆளுநர் பென்டிங்க், படைத்தலைவர் கிராடக் இருவருமே திருப்பி அழைக்கப்பட்டார்கள். இறந்த சிப்பாய்களின் வீட்டார் தரப்பில் அப்படி ஓர் அறிக்கை எழுதப்படவில்லை.

இதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இன்றைய செய்திக்கும் இவை பொருந்தும்.

1. சொன்னவர் அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தாரா?
2. அது உண்மையானால் அல்லது பொய்யானால் அவருக்கு லாபமோ நஷ்டமோ உண்டா?
3. வேறு வழியில் அறிந்த இன்னொருவர் அதையே சொல்கிறாரா?

மூன்றாவதில் ஏமாறுவது சுலபம். ஒரே செய்தி நிறுவனத்தின் வரியை எட்டுத் தளங்கள் போட்டால் அது எட்டுச் சாட்சி ஆகாது. வாசகம், எழுத்துப்பிழை உட்பட ஒன்றாக இருந்தால் ஒரே சாட்சிதான்.

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களிடம் சில இணையதளங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். வரலாற்று ஆய்வாளர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, அழகான சின்னத்திலும் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று புதிய பக்கங்களைத் திறந்து பார்த்தார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றிப் பக்கத்துத் தெருவில் விசாரிக்கிற அதே வழக்கம்தான்.

வெட்டப்பட்ட காணொளி

2018 ஏப்ரல், மே மாதங்களில் இந்த வட்டாரத்தில் நடந்ததை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது.

வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி அப்போது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவியது. ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் அருகே, இந்தி பேசிய ஓர் ஆள் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். மே மாதம், பழைய வட ஆற்காட்டின் பகுதியான போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னைக் குடும்பம் ஒன்று தாக்கப்பட்டது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார்.

அந்த நாட்களில் இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அதோடு முடிந்துவிடும். மூலக் காணொளி அங்கே முடியவில்லை. அந்த இருவரும் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள். குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் விழிப்புணர்வுப் படம் அது. பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்தது. யாரோ கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

மீதிக் காட்சிகளில் யாரும் கை வைக்கவில்லை. பார்த்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு வயிறு கலங்கியது இயல்பு. அந்தக் கலக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊர்தானா, எந்த ஆண்டு, எடுத்தது யார், எந்தக் காவல் நிலையத்தில் எந்தப் பிள்ளை காணவில்லை என்று புகார் பதிவானது என்ற நான்கில் ஒன்றைக் கேட்டிருந்தால் போதும். கடைசிக் கேள்விக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் கேட்டே விடை வாங்கியிருக்கலாம்.

செய்யக்கூடியது:

1. காணொளியை ஒரு இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டால் அதே காட்சி இதற்கு முன் எங்கே, எப்போது வந்தது என்று பெரும்பாலும் தெரியும்.
2. கடைப் பலகையின் மொழி, வண்டி எண், போக்குவரத்து எந்தப் பக்கம் போகிறது, உடை ஆகியவற்றைப் பாருங்கள். வேலூர் என்று சொல்லும் காணொளியில் ஒரு தமிழ்ப் பலகை கூட இல்லையென்றால் கேள்வி கேட்க வேண்டும்.
3. முதலும் முடிவும் இருக்கின்றனவா பாருங்கள். நடுவில் தொடங்கி நடுவில் முடிந்தால், மீதி எங்கோ இருக்கிறது.
4. குழந்தைக்கு ஆபத்து என்று உண்மையாகவே தோன்றினால் 1098, காவல்துறைக்கு 100 அல்லது 112. குழுவில் போடுவதற்கு முன் அழைப்பு.

வந்த செய்தியை இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு (ஆளோ குழுவோ) மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்யும் கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் 2018 ஜூலையில் அறிவித்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி பின்னர் வந்தது. அந்தக் குறி செய்தி உண்மையா என்று சொல்லாது. அனுப்பியவர் எழுதியதில்லை, பல கை மாறி வந்தது என்று மட்டும் சொல்லும். சித்தப்பா அனுப்பினார் என்பதால் சித்தப்பாவின் சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2023 மார்ச்சில் இதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சம்பந்தமில்லாத காணொளிகள் இந்தியில் பரவின. இங்கே நடப்பதைத் தமிழில் படிக்க முடியாத குடும்பங்கள் அங்கே துடித்தன. அதே ஆண்டில் தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்திலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. பயனுள்ளவைதான். ஆனால் அரசைப் பற்றிய புகாரில் அரசும் ஒரு தரப்பு. அதனால் "பொய்" என்ற முத்திரையை மட்டும் பார்க்காமல், கீழே என்ன ஆதாரம் தந்திருக்கிறார்கள் என்று படியுங்கள்.

35,000 ஹெக்டேர் நீதிமன்றம் போன கதை

தகவலைப் பயன்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்தது பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், பாதிப்பு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம்.

தண்ணீர் கெட்டுப்போச்சு என்று ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்ததால் மட்டும் வழக்கு நிற்காது. தீர்ப்பு எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று, வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் முதற்கட்ட ஆய்வு. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போய்விட்டது என்று அது கண்டது.

அந்த வரியில் உள்ள சிறு சொற்களைக் கவனியுங்கள். முதற்கட்ட. சுமார். பகுதியாகவோ முழுமையாகவோ. தோல் பதனிடும் வட்டாரத்தில். இந்த எண்ணை எடுத்து எழுதும்போது இவை ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். கடைசியில் "பாலாற்றில் 35,000 ஏக்கர் அழிந்துவிட்டது" என்று நிற்கும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். அதாவது 35,000 ஹெக்டேர் 86,000 ஏக்கருக்கு மேல். அலகை மாற்றியதில் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. ஆண்டையும் விட்டுவிட்டால் 1996க்கு முந்தைய நிலவரம் இன்றைய நிலவரமாகிவிடும். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கையில் இப்படி ஒரு பிழை கிடைத்தால் உண்மையான பாதிப்பும் சேர்ந்து அடிபடும். எண்ணோடு அதன் அலகு, ஆண்டு, இடம், சொன்னவர் ஆகிய நான்கையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

தகவல் கேட்டு எழுதும்போது

எங்கேயும் வெளியிடாத தகவலுக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய்க் கட்டணம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, பிறகு தமிழ்நாடு தகவல் ஆணையம்.

மனு தோற்றுப்போவது பெரும்பாலும் கேள்வியில். அலுவலகத்தின் பதிவுகளில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். "எங்கள் ஏரிக் கால்வாயை ஏன் தூர்வாரவில்லை?" என்றால் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று எழுதிவிடலாம். "இந்த ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வார 2022 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை வழங்கிய பணி ஆணைகள், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல் தருக" என்றால் தட்டிக் கழிப்பது கடினம். ஆவணத்தின் பெயர் தெரிவதே பாதி வேலை. அது தெரியாவிட்டால், அந்த அலுவலகத்தில் என்னென்ன பதிவேடுகள் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் ஒரு மனுப் போடலாம்.

மேலே எங்கே மழை

பாலாறு நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்கு வருகிறது. அதனால் வேலூரில் வெயில் அடிக்கும்போதும் ஆற்றில் வெள்ளம் வரலாம். நம் வானத்தைப் பார்த்து முடிவெடுத்தால் தவறும்.

இப்போது ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "கலவகுண்டா அணை திறப்பு, பாலாற்றில் வெள்ளம், வேலூர் மக்கள் உஷார்." கலவகுண்டா அணை சித்தூர் மாவட்டத்தில், பொன்னையாற்றின் குறுக்கே இருக்கிறது. பொன்னை மேல்பாடி, திருவலம் வழியாக வந்து, வேலூர் நகரத்தைப் பாலாறு தாண்டிய பிறகுதான் அதோடு சேர்கிறது. அதற்கும் கீழே வாலாஜா அணைக்கட்டு. அப்படியென்றால் விருதம்பட்டுக் கரையில் குடியிருப்பவர் பார்க்க வேண்டியது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்க நீர்வரத்தை. அந்த அணை திறந்த செய்தி அவர் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தாது. திருவலத்தில் பொன்னைக் கரையில் இருப்பவரும், வாலாஜாவுக்குக் கீழே பாலாற்றங்கரையில் மாடு கட்டியிருப்பவரும் அதே செய்தியைப் பார்த்ததும் எத்தனை கனஅடி திறந்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று நீர்வளத் துறை அறிவிப்பில் தேடிவிட்டு, மாட்டை மேட்டுக்கு ஓட்ட வேண்டும். திருவலம் இருப்பது காட்பாடி வட்டத்தில், அதனால் அவருக்கு வேலூர் ஆட்சியர் அலுவலக எண். வாலாஜாக்காரருக்கு ராணிப்பேட்டை எண்.